குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டுக்கு ஏற்ற தோட்டம்

கேள்வி:
மன்னார்குடி அருகே எங்கள் புதிய வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. தவழும் குழந்தையும் முழங்கால் வலியுள்ள மாமியாரும் இருப்பதால், வேலியோரம் அரளியும் வாசலருகே தென்னையும் வைக்கலாமா என்று சொல்லுங்கள்.

பதில் 1:
அரளி வேண்டவே வேண்டாம், சகோதரி. செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் இலை, பூ, விதை அனைத்துமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் இது பெரும் ஆபத்து. பூசைக்குச் செம்பருத்தியும் மல்லிகையும் போதும்.

பதில் 2:
2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியில் எத்தனை தென்னைகளைச் சாய்த்தது என்பதை மறக்க முடியாது. ஆகவே தென்னையை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்டாத கொல்லைக் கோடியில், நடைபாதைக்கு மேல் காய் விழாதவாறு நடுங்கள். முருங்கைக் கிளை பருமனாகத் தெரிந்தாலும் சட்டென முறியும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

பதில் 3:
மாமியாருக்காக ஒன்று: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் களிமண்ணில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும் என்பதால், கிணற்றடி வரை பாதையைச் சற்று உயர்த்தி, வழவழப்பான ஓடுகளைத் தவிர்த்துச் சொரசொரப்பான சிமெண்ட் தளமாகப் போடுங்கள். கிணற்றுக்கு இரும்பு வலை மூடி கட்டாயம். விறகையும் தென்னை மட்டையையும் சுவரோரம் குவித்தால் எலி வரும், பின்னாலேயே பாம்பும் வரும்.