ஒழுங்கின்மைக்குள் நுழைய மறுக்கும் மின்சுற்று

வணக்கம். முதுகலை இயற்பியல் செயல்திட்டத்திற்காக, ஒழுங்கின்மையை (chaos, முன்கணிக்க முடியாத அலைவு) உண்டாக்கும் எளிய மின்சுற்றாக 1994இல் முன்வைக்கப்பட்ட முரளி–லட்சுமணன்–சுவா சுற்றைச் சென்னையில் அமைத்திருக்கிறேன். உள்ளீட்டு வீச்சைக் கூட்டும்போது ஆசிலோஸ்கோப்பில் ஒற்றை வளையம் இரட்டை வளையமாகப் பிரிவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நான்கு, எட்டு என்று மேலும் கிளைபிரிந்து ஒழுங்கின்மையை எட்டாமல், மீண்டும் ஒற்றை வளையத்திற்கே திரும்பிவிடுகிறது.

மின்தேக்கி 10 நானோஃபாரட், காயில் (மின்தூண்டி) 18 மில்லிஹென்றி, மின்தடை 1340 ஓம் (மின்னோட்டத்தை அளக்கும் 20 ஓம் தனி), அதிர்வெண் 8890 ஹெர்ட்ஸ். சுற்றின் நேரியலற்ற உறுப்பான சுவா டையோடு டிஎல்082 ஆப்-ஆம்ப்பால் (செயற்பாட்டுப் பெருக்கி) ஆனது. அதன் மின்னோட்ட–மின்னழுத்த வரைகோட்டைத் தனியே எடுத்துப் பார்த்ததில் சரிவுகள் சரியாகவே இருந்தன. ஆப்-ஆம்ப்பை மாற்றினேன், பிரெட்போர்டை விட்டுப் பற்றவைத்த பலகைக்கு வந்தேன், பயனில்லை. இதே மதிப்புகளை ருங்கே–குட்டா என்ற எண்கணிப்பு முறையில் கணினியில் தீர்த்தால் ஒழுங்கின்மை தவறாமல் வருகிறது.

என் சந்தேகமெல்லாம் மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய ஃபெரைட் காயில் மீதுதான். அதன் நேர்மின்னோட்ட மின்தடை 62 ஓம். அது சமன்பாட்டில் மின்தடையோடு தொடராகக் கூடுவதால், உள்ளீடு தரும் அலையாக்கியின் உள்மின்தடையான 50 ஓமையும் சேர்த்து மொத்தம் 1360 ஓம் வருமாறு மின்தடையைக் குறைத்தும் நிலைமை மாறவில்லை. ஆகவே காயிலின் ஃபெரைட் உள்ளகத்தில் ஏற்படும் ஆற்றல் இழப்பே காரணமாக இருக்கலாம். காயிலின் எந்த முனையும் தரையோடு சேராததால், ஆப்-ஆம்ப்பைக் கொண்டு செயற்கை மின்தூண்டி அமைப்பதும் இங்கே எளிதன்று.

9 கிலோஹெர்ட்ஸ் அருகே இழப்பு குறைந்த 18 மில்லிஹென்றி காயில் சென்னையில் எங்கே கிடைக்கும்?