தோட்டத்துக் கன்டென்சர் வித்தை வீட்டில் பலிக்கவில்லை

கானாடுகாத்தான்காரர்:
என் லேத்துக்கு மூணு பேஸ் கரன்ட் வேண்டும், வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். எங்கள் வீடு ஒன்பது பங்கு, அதில் இரண்டு பேர் மலேசியாவில். மூணு பேஸ் இணைப்புக்கு எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் லேத் துருப்பிடித்துவிடும். அதனால் வீட்டின் இரண்டாங்கட்டில், சிங்கிள் பேஸை மூணு பேஸாக்கும் ரோட்டரி கன்வெர்ட்டர் செய்ய இறங்கினேன். பழைய 3 ஹெச்.பி. மூணு பேஸ் மோட்டாரைச் சும்மா சுழலவிட்டால் அதிலிருந்து மூன்றாவது பேஸ் பிறக்கும். அதை 1 ஹெச்.பி. லேத்துக்குக் கொடுக்கலாம்.

தோட்டத்தில் இரண்டு பேஸ் மட்டும் வரும்போது அம்மான் கன்டென்சர் (கெப்பாசிட்டர்) போட்டுப் பம்புசெட் ஓட்டுவார். அதைப் பார்த்து வளர்ந்த தைரியத்தில் அப்படியே கோர்த்தேன். மோட்டார் முனகியது, அசையவில்லை. கயிறு சுற்றி இழுத்தால் சோம்பலாக ஓடியது. லேத்தைப் போட்டதும் இரண்டும் படுத்துவிட்டன.

மூன்று நாள் கன்டென்சரையே மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு அதில் இல்லை. தோட்டத்தில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட், வீட்டில் 230. மூன்று காயிலின் ஒரு முனையையும் சேர்த்து முடிந்த ஸ்டார் இணைப்பில் இருக்கும் மோட்டாரில் காயிலுக்கு 240 போகவேண்டும். நான் கொடுத்தது 130 சொச்சம். டெர்மினல் பெட்டியில் குறுக்கே கிடந்த பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக நிறுத்திப் போட்டேன். காயில்கள் முக்கோணமாகக் கோர்க்கும் டெல்டா ஆனதும், காயிலுக்கு முழு 230 கிடைத்து எழுந்துகொண்டது.

லேத் மோட்டாரையும் டெல்டாவாக்கணும், ஆனால் அதில் வெளியே மூன்று வயர்தான். காயில் கட்டும் கடைக்காரர் வார்னிஷுக்குள் புதைந்த ஸ்டார் முடிச்சைச் சுரண்டி எடுத்து, ஆறு முனையாக வெளியே இழுத்துக் கொடுத்தார். "புதுசாவே சிங்கிள் பேஸ் மோட்டார் வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார். நியாயம்தான், நான் பதில் சொல்லவில்லை.

இப்போது 250 மைக்ரோஃபாரட் ஸ்டார்ட் கன்டென்சர், பட்டனில் ஒரே விநாடி. லேத்தில் வெட்டு கொடுத்தால் மூன்றாவது வயரில் வோல்ட் கொஞ்சம் இறங்கும்.

தேவகோட்டைக்காரர்:
என்னிடம் 5 ஹெச்.பி. மோட்டார் கிடக்கிறது. சுழலவிட அது ஆகுமா? வி.எஃப்.டி. (சிங்கிள் பேஸை மூணு பேஸாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) மலிவில்லையா?

கானாடுகாத்தான்காரர்:
பெயர்ப்பட்டையைப் பாருங்கள் அண்ணே. 415 டெல்டா என்று இருந்தால் மாற்றிப் போட வழியில்லை, காயிலையே மாற்றிக் கட்டணும். ஒரே மெஷின் என்றால் வி.எஃப்.டி.தான் சுலபம். எனக்கு லேத்தோடு டிரில்லிங், இழைப்பு மெஷின் எல்லாம் இருக்கிறது. சுழலும் மோட்டாரைவிடச் சின்னதாக இருந்து, டெல்டாவாக்கவும் முடிந்தால் எந்த மோட்டாரையும் இதில் செருகலாம்.

மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் சுவிட்சின் காயிலை மட்டும் வீட்டு இணைப்பிலிருந்து நேராக வரும் கரன்டில் கொடுங்கள், பிறந்த பேஸில் வேண்டாம். அப்புறம் ஸ்டார்ட் கன்டென்சருக்குக் குறுக்கே, அதில் தங்கும் சார்ஜை வடிக்க ஒரு ரெசிஸ்டர். அது இல்லாமல், மெயினை அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் கன்டென்சரைத் தொட்டேன். நான் போட்ட கூச்சலில் ஆத்தா முகப்பிலிருந்து ஓடி வந்தார்கள்.