144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் காவடி வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறது, வழி சொல்லுங்கள்
வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தைப்பூசக் காவடி வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) மானிட்டரில் தேர் குறுக்கே நகரும்போது வெட்டி வெட்டிப் போகிறது. 24 ஃபிரேம் சினிமா மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 144-ஐ 24 சரியாக வகுக்கும், 25 வகுக்காதே. பல ஃபிரேம் 6 முறை, நடுவில் சிலது 5 முறை என்று நின்றால் கண்ணில் படத்தானே செய்யும்!

100 ஹெர்ட்ஸில் வைத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸுக்குள் போய் யார் மாற்றுவது? அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார். விஆர்ஆர் (ஃபிரேம் வரும் நேரத்துக்கேற்ப மானிட்டர் திரையைப் புதுப்பிக்கும் வசதி) போட்டால் ஓட்டம் பரவாயில்லை, இரவுக் காட்சிகளில் திரை மினுக்குகிறது.

பிளேயர் எம்பிவி, விண்டோஸ் 11. வீடியோவுக்கேற்ப ஹெர்ட்ஸ் தானாக மாற வழி உண்டா? எம்பிவியில் டிஸ்ப்ளே-ரீசாம்பிள் (வீடியோ ஓட்டத்தைத் திரையின் ஹெர்ட்ஸோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) வைத்தால் விஆர்ஆரை அணைத்துவிட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புது மானிட்டர் வாங்கு என்று மட்டும் வேண்டாம்.