செட்டிநாட்டு வீட்டுக்கு யுபிவிசி ஜன்னலா? பர்மா தேக்கில் கரையான் ஏறுமா, ஏறாதா?

வளவுவீட்டான்:
போன வாரம் ஜன்னலில் பெயின்ட் உரிகிறது என்று ஒருவர் கேட்டதற்குத் தேவகோட்டை இன்ஜினியர் கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பழைய ஜன்னலைப் பழுது பார்ப்பது தண்டச் செலவாம், பர்மா தேக்கையும் கரையான் தின்னுமாம், மர நிறத்தில் யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டால் தெருவில் போகிறவருக்கு வித்தியாசமே தெரியாதாம். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் எத்தனையோ முகப்புகள் மொட்டையாகி நிற்கின்றன.

நம் வீட்டு ஜன்னலுக்கு நாலு கதவு. கீழ் இரண்டைச் சாத்தினால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது, மேல் இரண்டைத் திறந்தால் காற்று வரும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் வேண்டிய அளவு திறந்துகொள்ளலாம். யுபிவிசியில் போடுகிற, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு பாதி எப்போதும் மூடியே இருக்கும், அதாவது காற்றில் பாதியைக் காசு கொடுத்து அடைக்கிறீர்கள். மேலே வளைவில் இருக்கிற கலர் கண்ணாடியை என்ன செய்வீர்கள்? சதுரமாக வெட்டி மேலே சிமென்ட் பூசுவீர்கள், அவ்வளவுதான்.

பர்மா தேக்கைக் கரையான் தொடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை இன்ஜினியர்:
எழுதியது நான்தான், ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். எங்கள் பெரிய வீட்டில் முகப்பு ஓரத்து ஜன்னல் நிலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. உள்ளே முழுக்க மண். எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கப்பலில் இறக்கிய மரம் அது. தொடாது என்கிறீர்கள், தொட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன வாதம் இருக்கிறது?

யுபிவிசியில் கரையான் ஏற முடியாது, உளுக்காது, பெயின்ட் வேண்டாம். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு வைத்துத்தான் வருகிறது, வளையாது. ஓரத்தில் ரப்பர் இருப்பதால் தூசியும் சத்தமும் உள்ளே வராது. ஏசி போட்ட அறைக்கு உங்கள் நாலு கதவால் என்ன பயன்? ஒவ்வொரு இடுக்கிலும் குளிர் வெளியே ஓடும்.

வளவுவீட்டான்:
விரல் உள்ளே போனது என்றால் அது தேக்கே இல்லை. கப்பலில் வந்ததெல்லாம் தேக்கா? தேக்கு மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது, கரையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன் என்ற பொருளும் இருக்கிறது. இது என் கற்பனை இல்லை, மரவியல் படித்தவர் எவரையும் கேளுங்கள். கரையான் தேக்கைத் தொடாது.

தேவகோட்டை இன்ஜினியர்:
மண்ணாகும் வரைக்கும் தேக்கு, மண்ணானதும் தேக்கில்லை. இப்படிப் பேசினால் உங்களை யாரால் தோற்கடிக்க முடியும்?

ஆசாரி மகன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மரத்தில் வைரம் வேறு, வெள்ளை வேறு. உள்ளே கருத்திருக்கும் வைரத்தில்தான் நீங்கள் சொல்லும் எண்ணெய்ச் சத்து. பட்டைக்கு அடுத்த வெள்ளையில் அது இல்லை, தேக்கின் வெள்ளையானாலும் கரையான் தின்னும். அந்தக் காலத்து நிலைகளில் கண்ணுக்குத் தெரியும் முகத்தை வைரத்தில் இழைத்துவிட்டு, சுவருக்குள் போகிற முதுகில் வெள்ளையை விட்டிருப்பதை வேலையில் பார்த்திருக்கிறேன். ஓட்டில் ஒழுகிச் சுவரில் ஈரம் இறங்கினால் கரையான் தரையிலிருந்து மண்குழாய் கட்டி அந்த முதுகுக்குத்தான் வரும். முதலில் நிலையில் எது வைரம், எது வெள்ளை என்று பாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

வளவுவீட்டான்:
தம்பி, நானும் அதைத்தான் சொல்கிறேன். தேக்கில் ஏறாது.

தேவகோட்டை இன்ஜினியர்:
அவர் சொன்னது நேர் எதிர். தேக்கிலும் ஏறும் என்று உங்கள் கட்சிக்காரரே சொல்லிவிட்டார்.

ஆசாரி மகன்:
நான் யார் கட்சியும் இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் உளி பிடிக்கிறது, எனக்கு இரண்டு பேரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சிங்கப்பூர் செல்லம்:
எங்கள் வீடு வருஷத்தில் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு. மீதி நாள் பூட்டு. ஒவ்வொரு முறை வந்து திறக்கும்போதும் வௌவால், புறா எச்சம், கீல் துரு. ஜன்னலுக்கு எண்ணெய் போட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நின்று மேற்பார்க்க ஒருவரும் இல்லை. நாங்கள் யுபிவிசி போட்டால் அதில் என்ன பாவம்? கொசுவலையும் அதிலேயே வருகிறதே.

வளவுவீட்டான்:
வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு ஜன்னலைப் பற்றி முடிவெடுக்க என்ன உரிமை? வீடு பூட்டியே கிடப்பதால்தான் எல்லாம் கெடுகிறது. தேக்குக்குக் காற்றுப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவீர்கள், இங்கே இருக்கிற பங்காளி ஓடு மாற்றலாம் என்றால் "எல்லோரும் கையெழுத்துப் போடட்டும்" என்பீர்கள், பிறகு மரத்தின் மேல் பழி. கொசுவலைதான் வேண்டுமென்றால் உள்பக்கம் ஒரு மெல்லிய சட்டம் அடித்து மாட்டலாம், வரும்போது மாட்டி, போகும்போது கழற்றிவைக்கலாம். அதற்காக நிலையைப் பெயர்க்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் செல்லம்:
அண்ணே, உரிமையைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். போன முறை வெள்ளையடித்த செலவில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மட்டும்தான் பணம் அனுப்பினோம். உள்ளூரில் இருக்கிறவர்கள் "நாங்கள் பார்த்துக்கொள்வதே பெரிது" என்று சொல்லிவிட்டார்கள். உங்களைச் சொல்லவில்லை, ஆனால் உங்களை மாதிரி பேசுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஜன்னல் போடுவது எடுப்பது இருக்கட்டும், எடுத்த ஜன்னல் எங்கே போகிறது என்று யாராவது கேட்டீர்களா? எங்கள் இரண்டாங்கட்டில் எட்டு ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினியம் வைத்தார்கள். பழையதைக் கூலிக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதற்குப் பங்காளிகள் தலையாட்டினார்கள். பிறகு காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற கடையில் அதே ஜன்னல், அதே பித்தளைக் கொண்டியோடு விற்பனைக்கு நிற்கிறது. கரையான் தின்றது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கரையான் தின்ற மரத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்?

வளவுவீட்டான்:
ஆச்சி சொன்னது சத்தியம். கரையான் என்பது சாக்கு, மரத்தை விற்பதுதான் நோக்கம். வீட்டையே இடித்துத் தூணும் நிலையும் விற்கிற ஊர் இது. பர்மா, அதாவது இன்றைய மியான்மர், 2014 ஏப்ரலில் தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அன்றைக்கு வந்த மாதிரிப் பெருத்த காட்டு மரம் இனி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? இப்போது கடையில் தேக்கு என்று வருவதில் பெரும்பகுதி தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டியது, வெள்ளை அதிகம். உங்கள் வீட்டுச் சுவரில் நிற்கிறதே, அந்த மரத்துக்கு ஈடே கிடையாது. அதைக் கழற்றி விற்றுவிட்டு பிளாஸ்டிக் மாட்டுகிறீர்கள்.

தேவகோட்டை இன்ஜினியர்:
வெள்ளையைப் பற்றி இப்போது பேசுகிறீர்கள். அப்படியானால் வெள்ளை இருந்தால் கரையான் ஏறும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

வளவுவீட்டான்:
தோட்டத்துத் தேக்கில் ஏறும். பர்மாக் காட்டுத் தேக்கில் ஏறாது.

ஆசாரி மகன்:
காட்டு மரத்துக்கும் வெள்ளை உண்டு அண்ணே. எல்லா மரத்துக்கும் உண்டு.

வளவுவீட்டான்:
நீ சின்னப் பையன், நான் பார்த்த வீடுகளை நீ பார்க்கவில்லை.

புதுச்சேரி மாடி:
எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் சாய்பலகைக் கதவுதான், பலகைகளை இடைவெளி விட்டுச் சாய்த்து அடுக்கியது. சாத்தியிருக்கும்போதே காற்று வரும். உங்கள் நாலு கதவைவிட அதுதான் மேல், அதை வைத்துப் பாருங்களேன்.

வளவுவீட்டான்:
புதுச்சேரிக் கதவைக் கொண்டுவந்து செட்டிநாட்டு முகப்பில் வைக்கச் சொல்வதும் யுபிவிசி வைக்கச் சொல்வதும் எனக்கு ஒன்றுதான். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இலேயே சேர்ந்தன. எதற்காகச் சேர்த்தார்கள்? ஊருக்கு ஊர் ஒரே முறையில் கட்டிய வீடுகள் இருப்பதால். அதில் ஆளுக்கொரு ஜன்னல் வைத்தால் பட்டியல் எதற்கு?

தேவகோட்டை இன்ஜினியர்:
யுனெஸ்கோ வந்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. மழைக்காலத்தில் ஐப்பசி கார்த்திகை முழுக்கக் கதவு உப்பிச் சாத்த முடியாமல் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. யுபிவிசி உப்பாது.

வளவுவீட்டான்:
உப்பாது, நீளும். யுபிவிசி ஒரு மீட்டருக்கு 10 டிகிரிச் சூடு ஏறினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் விடியற்காலைக்கும் மேற்கு வெயிலுக்கும் இடையில் 30 டிகிரி மாறினால் 3 மில்லிமீட்டர். அதிலும் மர நிறத்துக்காக அடர்நிறப் படலம் ஒட்டியதுதான் அதிகம் சுடும். அதற்காகச் சுற்றி இடைவெளி விட்டு நுரையும் சிலிக்கானும் அடைப்பார்கள். நம் சுவர் சுண்ணாம்புச் சுவர், ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற சுவர். நிலையைப் பெயர்க்கும்போது உடைந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுண்ணாம்பு பொரிந்து விழும். இதையெல்லாம் ஒரு இன்ஜினியர் சொல்லவில்லை, நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம், பெயின்ட் உரிகிறது என்று கேட்டவருக்கு என் பதில். பழைய பெயின்ட்டைச் சுரண்டுங்கள், அடிச்சட்டம் மட்டும் கெட்டிருந்தால் அந்த அளவுக்கு அறுத்துப் பழைய தேக்கிலேயே துண்டு சேர்க்கச் சொல்லுங்கள், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை நிலையின் முதுகில் தடவச் சொல்லுங்கள், கம்பியைக் கழற்றாமல் துருவை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் ஓட்டில் ஒழுகுவதை நிறுத்துங்கள்.

தேவகோட்டை இன்ஜினியர்:
கரையானே ஏறாத மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் எதற்கு?

வளவுவீட்டான்:
அது பாதுகாப்புக்கு.

தேவகோட்டை இன்ஜினியர்:
எதிலிருந்து பாதுகாப்பு?

வளவுவீட்டான்:
ஈரத்திலிருந்து. திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டால் பதில் மாறிவிடாது. தேக்கில் கரையான் ஏறாது.

சிங்கப்பூர் செல்லம்:
துண்டு சேர்க்கிற ஆசாரி யாரிடமாவது நம்பர் இருந்தால் தனியாக அனுப்புங்கள். ஒரு ஜன்னலுக்கு மட்டும் செய்து பார்க்கிறேன், மற்றதற்கு யுபிவிசிதான், அதில் மாற்றமில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
ஒரு வீட்டில் இரண்டு விதமா? உங்கள் பங்காளிகளைக் கேட்டீர்களா அப்பா?

சிங்கப்பூர் செல்லம்:
அவர்கள் என்னைக் கேட்டா ஆச்சி நடுமுற்றத்து வளவில் கிரானைட் போட்டார்கள்?

வளவுவீட்டான்:
ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்துவிட்டு கிரானைட்டா! எந்த ஊர் வீடு அது? முதலில் அதைச் சொல்லுங்கள்.