புதுச்சேரி கட்டட நடை: எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது? (புனைபெயர்களில் ஓர் உரையாடல்)

வரைபலகை:
ஜனவரி கடைசியில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 24 பேரைப் புதுச்சேரியில் நடத்திக் காட்ட வேண்டும். கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். எல்லாரும் செய்வது போலக் கடற்கரைச் சாலையில் தொடங்கி, ஒயிட் டவுனை (கடலோரப் பிரெஞ்சுப் பகுதி) சுற்றிவிட்டு, நேரம் மிஞ்சினால் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே நாலு தமிழ் வீடு காட்டுவதாகத் திட்டம். மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும்? பெரும்பாலானவை குடியிருக்கும் வீடுகள், உள்ளே போக முடியாது. அப்படியிருக்கக் கூரையையும் பூச்சையும் எப்படி விளக்குவது? ஒவ்வொரு தகவல் பலகையிலும் ஒவ்வொரு ஆண்டு எழுதியிருக்கிறதே, எதை நம்புவது?

தாழ்வாரம்:
திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியில் ஆரம்பித்து, தெற்கே இறங்கி, கடைசியில் கிழக்கே கடந்து கடற்கரைப் பக்கம் முடியுங்கள். ஒயிட் டவுனை முதலில் பார்த்தவர்களுக்குத் தமிழ் வீடுகளின் மாடி "பிரெஞ்சுக்காரனைப் பார்த்துச் செய்த நகல்" என்றே தோன்றும். மேற்கிலிருந்து வந்தால், அதே கொத்தனார், அதே செங்கல், அதே சுண்ணாம்பு இரண்டு விதமான குடும்பங்களுக்கு இரண்டு விதமாக வேலை செய்திருப்பது தெரியும்.

வைசியாள் வீதிக்கு (அரசுப் பெயர் கால்வே சுப்புராய செட்டி வீதி) குறைந்தது 35 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் புரியாது. வீதி முழுக்க முகப்புகள் சேர்ந்து நிற்பதுதான் விஷயம். அந்தச் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. இங்கே மாணவர்களைத் தெருவிலிருந்து உள்நோக்கி எண்ணச் சொல்லுங்கள். முதலில் தாழ்வாரம்: மரக்கால்களில் நிற்கும் சரிந்த ஓட்டுக்கூரை, போகிறவர் வருகிறவருக்கான நிழல். அடுத்தது திண்ணை: அதே நிழலில் உட்காரும் மேடை. பிறகு கதவு, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம். கதவு திறந்திருந்தால் வாசலிலிருந்தே முற்றத்து வெளிச்சம் தெரியும். அது போதும், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் கண்ணை மேலே ஏற்றுங்கள். தரைத்தளத்தில் மரத்தூணும் திண்ணையும். மாடியில் சுவரோடு ஒட்டிய அரைத்தூண், வளைவு ஜன்னல், சட்டச் சாய்ப்பலகைக் கதவு, சுண்ணாம்பில் இழுத்த விளிம்பு வரிகள், கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற இந்தக் கலவைக்கு ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு பெரிய மார்க்கெட் அருகே இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. 1738 வாக்கில் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். முற்றத்தைச் சுற்றிக் கீழே செதுக்கிய மரத்தூண்கள், மாடியில் செங்கல் கட்டிப் பூசிய தூண்கள். கனமானது மேலே, இலகுவானது கீழே! இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். அங்கே முன்னனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. இப்போதே கடிதம் கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த நேரத்தை வைசியாள் வீதிக்கே கொடுங்கள்.

அங்கிருந்து மிஷன் வீதி வழியாகச் சம்பா கோவில். செயின்ட் பால் என்ற பெயர் ஊர் வாயில் சம்பா ஆனது. இப்போது நிற்பது 1791இல் முடிந்த கட்டடம். தெற்கே காஜி வீதி, முல்லா வீதிப் பக்கம் ஒரு சுற்று. மாடி முகப்பு தெருவை நோக்கி நீண்டு நிற்கும் வீடுகளைப் பாருங்கள். அப்புறம் வாய்க்கால் தாண்டி துய்மா வீதி, தேவதைகளின் அன்னை ஆலயம், வடக்கே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். மொத்த நடை மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும். மீதி நேரமெல்லாம் நிற்பதற்குத்தான்.

கடுக்காய்த் தண்ணி:
உள்ளே போகாமல் கூரையை விளக்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பையில் மூன்று பொருள் கொண்டுபோங்கள்: பழைய மாடிச் செங்கல் ஒன்று, தட்டோடு (கூரைமேல் பதிக்கும் தட்டையான ஓடு) ஒன்று, கைப்பிடி சுட்ட சுண்ணாம்பு. மாடிச் செங்கல் ஏறக்குறைய ஆறு அங்குலம் நீளம், மூன்று அகலம், ஒன்று கனம். பிஸ்கட் மாதிரி இருக்கும். இதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் பழைய தட்டைக்கூரை) விளக்கத்துக்குப் பாதி வார்த்தை போதும்.

வரிசை இப்படி. சுவருக்குச் சுவர் உத்தரம். அதன்மேல் ஒன்றரை அடி இடைவெளி அளவில் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் அந்தச் சின்னச் செங்கற்களைப் படுக்கையாக அல்ல, விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் ஒட்டிச் சாய்ந்து நிற்பதால் அடியில் பலகை முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இதை மாணவர்கள் பெரும்பாலும் நம்ப மாட்டார்கள். நாலு செங்கல்லை வைத்துத் தரையிலேயே காட்டலாம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுமார் மூன்று நான்கு அங்குலக் கெட்டிப்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு.

இது எங்கே கெட்டுப்போகும்? செங்கல்லில் அல்ல. தட்டோட்டின் இணைப்பில் வெடிப்பு விட்டுத் தண்ணீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி மக்கும். கட்டையின் நடுப்பகுதி கிண்ணென்று இருக்கும். நுனி மட்டும் பொடியாகியிருக்கும். தெருவிலிருந்தே அறிகுறி தெரியும்: கைப்பிடிச் சுவருக்குக் கீழே கூரை மட்டத்தில் கிடையாக ஓடும் வெடிப்பு, தண்ணீர் விழும் குழாயடியில் கறை, அரசங்கன்று. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அதன் கீழே கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

பூச்சுக்கு ஜனவரி மாதிரி நல்ல மாதம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காய ஆரம்பித்திருக்கும். ஈரக்கோடும் உப்புப் பூத்ததும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவரில் தரை ஈரம் கொஞ்ச உயரம் ஏறி, காற்றில் ஆவியாகிவிடும். பக்கத்து வீட்டில் அதே சுவருக்குச் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வெளியேற வழி இல்லாத ஈரம் அந்தப் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறும். பூச்சு தகடு தகடாக விழும், பின்னால் செங்கல் பொடியாகியிருக்கும். வீட்டுக்காரர் என்ன செய்வார்? விழுந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் பூசுவார். இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தை முதல்நாளே நடந்து குறித்துவையுங்கள். ஒயிட் டவுனில் கடல் காற்றின் உப்பும் சேர்வதால் அங்கே இது இன்னும் மோசம்.

மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு எப்படி இருக்கும் என்று கேட்டால் தேவதைகளின் அன்னை ஆலயத்துக்குள் அழைத்துப் போங்கள். 1855இல் கட்டியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, பளிங்கோ என்று நினைக்கவைக்கும்.

வரைபலகை:
இரண்டு பேருக்கும் நன்றி. சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லலாமா? பொள்ளலாக இருந்தால் ஓசை மாறுமே.

கடுக்காய்த் தண்ணி:
ஓசை மாறும், ஆனால் தட்ட வேண்டாம். 24 பேர் தட்டினால் விழ இருந்தது விழும்; வீட்டுக்காரர் நியாயமாகவே சத்தம் போடுவார். கண்ணால் பார்க்கவே போதுமானது இருக்கிறது.

மேற்கு புல்வார்:
தாழ்வாரம் சொன்ன திசை சரி. ஒரே ஒரு குறை: ஊரின் வரைபடத்தை முதல் நிறுத்தத்திலேயே சொல்லாவிட்டால் பாதியில் தடுமாறுவார்கள். நேர்க்கோட்டுத் தெருக்களைப் பார்த்ததும் "பிரெஞ்சுத் திட்டம்" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் அது. 1699இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். ஊரைச் சுற்றியிருந்த மதில் போன பாதைதான் இன்றைய நான்கு புல்வார்கள் (ஊரைச் சுற்றிய அகலச் சாலைகள்). அதனால்தான் ஊர் முட்டை வடிவம். ஒரு ஏ-4 தாளில் முட்டை ஒன்று, நடுவே வடக்குத் தெற்காக வாய்க்கால் ஒரு கோடு, இவ்வளவு வரைந்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

ஆண்டுகளுக்கு ஒரு சல்லடை இருக்கிறது: 1761. அந்த ஆண்டு ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஒயிட் டவுனையும் தரைமட்டமாக்கினார்கள். ஊரைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765 முதல்தான் மறுபடி கட்டினார்கள். எனவே ஒயிட் டவுனில் ஒரு பலகை "17ஆம் நூற்றாண்டு வீடு" என்றால் சிரித்துவிட்டு நகரலாம். நிற்பவற்றில் நிறைய 18ஆம் நூற்றாண்டின் பின்பாதி, 19ஆம் நூற்றாண்டு. நிறத்தை வைத்து வயது சொல்லவே கூடாது. மஞ்சள் காவிமண் கலந்த சுண்ணாம்பு வெள்ளையடிப்பில் மஞ்சள் வந்தது ஒரு காலம். இப்போது போன வருடம் எழுந்த கான்கிரீட் கட்டடமும் அதே மஞ்சளில் நிற்கிறது. கடற்கரைச் சாலை மேரி (பிரெஞ்சில் நகராட்சி மன்றம்) கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழையது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, அதே முகப்போடு திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். இது மரபுக் கட்டடமா, மரபுக் கட்டடத்தின் படமா என்று மாணவர்கள் சண்டை போடட்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு.

வாய்க்காலுக்குக் கிழக்கே ஒன்று கவனியுங்கள். தெருவிலிருந்து தெரிவது உயர்ந்த மதிலும் வாயிற்கதவும்தான், திண்ணை கிடையாது. வராந்தா இருக்கிறது, ஆனால் உள்ளே தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. தமிழ் வீட்டிலும் நடுவே வெட்டவெளி உண்டு, இங்கேயும் உண்டு. வித்தியாசம் தெருவோடு வைத்துக்கொள்ளும் உறவில். துய்மா வீதியில் ஏதாவது ஒரு கதவு திறந்திருக்கும்போது இதைச் சொன்னால் போதும்.

சைக்கிள் ஸ்டாண்டு:
நடைமுறை மட்டும். 24 பேரை ஒரே கும்பலாகக் கொண்டுபோகாதீர்கள். தாழ்வாரத்தின் கீழ் 12 பேருக்கு மேல் நிற்க இடமில்லை, மீதிப்பேர் பைக் போகும் பாதையில் நிற்பார்கள். இரண்டாகப் பிரித்து 20 நிமிட இடைவெளி விடுங்கள். ஞாயிறு வேண்டாம், காந்தி வீதி முழுக்கச் சந்தைக் கடை. திங்கள் அருங்காட்சியகம் மூடியிருக்கும். காலை 6.45க்குத் தொடங்கினால் வடக்குத் தெற்கான தெருக்களில் மேற்கு வரிசை வீடுகளின் முகத்தில் வெயில் விழும். கிழக்கு வரிசை நிழலில் நின்று பார்க்க வேண்டும். கிழக்கு மேற்கான தெருக்களில் சூரியன் தெருவோடு நேராக வரும், கூட்டத்தைக் கிழக்குப் பார்க்க நிறுத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது. சாலையை மேலே மேலே தார் போட்டு உயர்த்தியதால் திண்ணைப் படிகள் புதைந்துபோன வீடுகள் உண்டு. எத்தனை படி மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் ஏன் ரேழிக்குள் வருகிறது என்பது தானே புரியும்.

வரைபலகை:
சனிக்கிழமை காலை, இரண்டு குழு, வைசியாள் வீதி. மாடிச் செங்கல் எங்கே கிடைக்கும்?

தாழ்வாரம்:
பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேளுங்கள், பழைய கதவு ஜன்னல் விற்கும் கடைகளிலும் விசாரிக்கலாம். நாலு வாங்குங்கள், ஒன்று நிச்சயம் கைதவறி உடையும். உடைந்ததையும் வைத்துக்கொள்ளுங்கள், குறுக்குவெட்டு காட்ட உதவும்.