கணக்கராக வாழ்ந்த அப்பாவுக்கு நினைவு மலர்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி:

விருதுநகரில் பருப்பும் மிளகாய் வற்றலும் விற்கும் மொத்தக் கடை ஒன்றில் 38 ஆண்டுகள் கணக்கராக இருந்த என் அப்பா, சென்ற ஆடி மாதம் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு சிறு மலர் வெளியிட எண்ணியிருக்கிறோம். கடை வேலை போக மீதி நேரத்தில் தெரு நூலகத்துக்கும் கோயில் அன்னதானக் குழுவுக்கும் ஊதியம் வாங்காமல் கணக்கு எழுதினார். ஜூலை மாதம் பிறந்துவிட்டால் வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரியாத ஓய்வூதியர்கள் காலையிலேயே எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். உறவினர்கள் எழுதி அனுப்பியவற்றில் எளிமையானவர், நேர்மையானவர், பண்பாளர் என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை உண்மைதான், ஆனால் அவற்றைப் படிக்கும்போது அப்பாவின் முகம் எனக்குத் தெரியவில்லை.

அவர் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டுகள் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கட்டிய பள்ளிக் கட்டணங்கள் பெயரோடும் தேதியோடும் உள்ளன. எங்களுக்கே அது இப்போதுதான் தெரியும். அவற்றை மலரில் சேர்க்கலாமா?

முதல் பதில்:

சகோதரி, நானும் ஒரு கணக்கரிடம் தொழில் கற்றவன் என்பதால் எழுதுகிறேன். தங்கள் தந்தை வேலை செய்த விதத்தை எழுதுங்கள். தொழில்காரரின் குணம் அங்கேதான் தெரியும். என் ஆசான், அன்றாட வரவுசெலவை எழுதும் சிட்டையிலிருந்து, கணக்கு வாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டுக்கு ஏற்றிய தொகையை மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் கூட்டிப் பார்க்காமல் பேனாவை மூட மாட்டார். பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால், வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வார். 72 என்பதை 27 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 45. அது 9-ஆல் வகுபடும். ஆகவே எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடத் தொடங்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் அவர் என்னைத் திட்டவில்லை, என்னோடு இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் மனத்தில் நிற்கிறது. தங்கள் தந்தையிடம் தொழில் கற்றவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு கடையிலும் பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு மாற வேண்டியிருந்ததே, அந்த நாள்களில் அவர் எப்படி இருந்தார் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பதில்:

ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. விருதுநகர் வணிகர்கள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு மகமை என்ற பங்கை ஒதுக்கியும், வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தும் பள்ளிக்கூடங்கள் நடத்திய ஊர் அது. மகமையானாலும் பிடியரிசியானாலும், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எவரோ ஒருவர் பிழையில்லாமல் எழுதி வைத்ததால்தான் கொடுப்பவர்கள் தொடர்ந்து நம்பிக் கொடுத்தார்கள். அன்னதானத்தில் பரிமாறுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். மறுநாள் பில்களை அடுக்கி மீதியைச் சரிபார்ப்பவரை யாரும் பார்ப்பதில்லை. தங்கள் அப்பா செய்த தொண்டு அந்த இரண்டாம் வகை.

மூன்றாம் பதில்:

அந்தப் பெயர்களைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள். என் பத்தாம் வகுப்புக் கட்டணத்தை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கட்டினார். அதை இன்று நானே யாரிடமும் மகிழ்ச்சியோடு சொல்வேன். ஆனால் வேறொருவர் அச்சில் போட்டு, அதை என் மாமியார் வீட்டில் படித்திருந்தால் கூசிப்போயிருப்பேன். தங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை வீட்டாரிடம்கூடச் சொல்லாததை அவருடைய விருப்பமாகவே கொள்ளுங்கள். மலர் வெளியாகும் செய்தி தெரிந்து யாராவது தாமாக முன்வந்து எழுதினால், அதை முதல் பக்கத்திலேயே போடலாம்.

இன்னொன்று கேட்கலாமா? தாங்கள் எழுதியதில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திண்ணைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டவர் யார்?

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று அம்மாவோடு உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினேன். அந்த நோட்டுகளில் பாதி அம்மாவின் கையெழுத்து. மாலையில் அம்மா செலவுகளை எழுதி வைப்பார். இரவில் அப்பா கூட்டிப் பார்த்து ஒரு கோடு போடுவார். பள்ளிக் கட்டணம் எழுதிய பக்கங்களிலும் அந்தக் கோட்டுக்கு மேலே அம்மாவின் எழுத்துத்தான் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. 1987-இல் ஒரு நாள், “பாப்பாவுக்குக் காய்ச்சல், பன், ஆரஞ்சு” என்று அம்மா எழுதியதற்குக் கீழே, தொகை எதுவும் இல்லாமல், “இரவு தூங்கினாள்” என்று அப்பா எழுதியிருக்கிறார். பாப்பா நான்தான். பெயர்கள் உள்ள பக்கங்களை அம்மா தனியே எடுத்து வைத்துக்கொண்டார். மலருக்கு இந்த ஒரு பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்.