முகிலுக்கு எந்த பிட்? (லாயம் குடும்பக் குழு)

யாழினி, காலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். நம்ம குதிரை முகிலுக்கு பிட் (கடிவாளத்துல வாய்க்குள்ள போற இரும்பு) மாத்தலாம்னு இருக்கேன், பார்த்துச் சொல்லுங்க. இப்போ போட்டிருக்கிறது லூஸ் ரிங் ஸ்னாஃபிள், அதாவது நெம்பு இல்லாத பிட், பக்க வளையம் ரெண்டும் துளைக்குள்ள சுத்தி ஓடும். நடுவுல ஒரே மூட்டு, அகலம் 13.5 செ.மீ., தடிமன் 18 மி.மீ. சமதரையில நல்லாத்தான் வருது. 90 செ.மீ. தடைகளை வரிசையா தாண்ட வச்சா மூணாவது தடை தாண்டினதும் கழுத்தை நீட்டி இழுக்க ஆரம்பிச்சிடுது. இடது பக்கம் திரும்பவே மாட்டேங்குது. த்ரீ ரிங் (கூடுதல் வளையம் உள்ள நெம்பு பிட்) போடலாமா?

கதிர், 6:20
போடலாம், ஆனா ரெண்டு ரெயினோடதான் (கையில பிடிக்கிற வார்) போடணும்.

சுகுணா அத்தை, 6:24
கொஞ்சம் பொறுங்க ரெண்டு பேரும். ஒரு பக்கம் மட்டும் திரும்பலைன்னா முதல்ல வாயைத்தான் சந்தேகப்படணும். வயசு என்ன, பல் எப்போ பார்த்தது?

யாழினி, 6:26
6 வயசு அத்தை. பல் ராவி 14 மாசம் ஆச்சு.

சுகுணா அத்தை, 6:33
அதான் கேட்டேன். மேல் கடைவாய்ப் பல்லோட வெளி விளிம்பு தேயாம கூராகி கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப் பல்லோட உள் விளிம்பு நாக்கைக் கிழிக்கும். மூக்குப் பட்டை இறுக்கமா இருந்தா கன்னம் அந்தக் கூர் மேலயே போய் அழுந்தும். மேல் வரிசையில முதல் கடைவாய்ப் பல்லுக்கு ஒட்டினாப்ல முன்னாடி சின்னதா வுல்ஃப் பல் இருக்கான்னும் பாரு. பிட் அதுல தட்டினா தலையை உதறும்.
வெளிச்சத்துல நிறுத்தி உதட்டை விலக்கிப் பாரு: கடைவாய் ரெண்டும், உதட்டு உள்பக்கம், பல்லே இல்லாத ஈறு விளிம்பு. விரலால தடவு. ஈறு விளிம்பு கத்தி முனை மாதிரி மெல்லிசா இருக்கா, தடிச்சு மேடு தட்டியிருக்கா?

யாழினி, 7:05
(படம்)
இடது கடைவாய்க்குள்ள சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிஞ்சு இளஞ்சிவப்பா இருக்கு. ஓரத்துல வெள்ளையா ஒரு வளையம். தொட்டதும் தலையைத் தூக்குது. ஈறு விளிம்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மெல்லிசா இருக்கு.

சுகுணா அத்தை, 7:08
வெள்ளை வளையம்னா பழைய புண், ஆறி ஆறித் திரும்ப உரியுது. பாவம், வலியோடதான் தாண்டியிருக்கு. புண் மூடுற வரைக்கும் வாயில எந்த இரும்பும் வேண்டாம். பல் மருத்துவரை வரச் சொல்லு. மயக்க ஊசி போட்டு, வாய்ச் சட்டம் மாட்டிப் பார்த்தாத்தான் பின்வரிசை தெரியும்.

ரவி மாமா, 7:15
அந்த இடத்துல புண் வந்தா லூஸ் ரிங் கிள்ளியிருக்கும். வளையம் ஓடுற துளையில விரல் நுனியை வச்சுச் சுத்திப் பாரு, தேஞ்சு விளிம்பு கூராகியிருக்கும். இன்னொண்ணு, பிட்டை வாயில நேரா நீட்டிப் பிடிச்சா ரெண்டு பக்கமும் உதட்டுக்கு வெளிய எவ்வளவு தெரியுது?

யாழினி, 7:19
பக்கத்துக்கு 1 செ.மீ., ஒரு நூல் கூடவே இருக்கும் மாமா.

ரவி மாமா, 7:31
அப்போ வாய் அகலம் 11.5 தான். லூஸ் ரிங்கே வச்சாலும் உனக்கு 12.5 போதும். ஒரு செ.மீ. கூடுதல்னா சின்ன விஷயம் இல்லம்மா. இடது ரெயினை இழுத்தா மொத்த பிட்டும் இடது பக்கம் சறுக்கும், நடு மூட்டு நாக்கு மையத்தை விட்டு ஈறு மேல ஏறும். ரெண்டு ரெயினையும் சேர்த்து இழுத்தா மூட்டு மடங்கி மேலண்ணத்தைக் குத்தலாம். அதுக்குத்தான் கழுத்தை நீட்டுது.
லூஸ் ரிங்குன்னா பக்கத்துக்கு 5 மி.மீ. இடம் விடு. எக்பட், டி ரிங் ரெண்டுலயும் வளையம் துளைக்குள்ள ஓடாது, அதனால கிள்ளாது, 2 - 3 மி.மீ. போதும். அளக்கிறதுக்கு மெல்லிசான மரக்குச்சியை பிட் இருக்கிற இடத்துல குறுக்கே வச்சு, உதடு முடியுற ரெண்டு இடத்துலயும் கோடு போட்டு எடு. மூட்டு உள்ள பிட்டை நேரா நீட்டி வச்சு அள. மடங்கினபடி அளந்தா அளவு குறைச்சலா வரும், அந்தக் கணக்குல வாங்கினா திரும்பவும் பெருசாத்தான் வந்து நிக்கும்.

கதிர், 7:36
தடிமனையும் சொல்லுங்க மாமா. 18 மென்மைன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் வாங்குறாங்க.

ரவி மாமா, 7:44
தடிமன் கூடினா அழுத்தம் பரவும், சரிதான். ஆனா வாய்க்குள்ள இடம் வேணுமே! பல் இல்லாத இடைவெளியில ரெண்டு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு உதட்டை மூட விடு. விரல் நசுங்கினா 18 வச்சா நாக்குக்குப் போக இடம் இல்லைன்னு அர்த்தம். 14 - 16 போ. சதைப்பிடிப்பான நாக்கு, தாழ்ந்த அண்ணம் உள்ள குதிரை எல்லாம் தடி பிட்டோட வாயைத் திறந்துகிட்டேதான் ஓடும். உடனே மூக்குப் பட்டையை இறுக்குவாங்க. தப்பு மேல தப்பு.
முகிலுக்கு என் கணக்கு: 12 அகலம், 14 அல்லது 16 மி.மீ., எக்பட், நடுவுல லாசெஞ்ச் (உருண்டைத் துண்டு), ரெண்டு மூட்டு. நாக்கு மேல சமமா படியும், அண்ணத்தைக் குத்தாது. வாங்கும்போது ஒண்ணு கவனி, ரெண்டு மூட்டு பிட்லயே ஃப்ரெஞ்ச் லிங்கும் டாக்டர் பிரிஸ்டலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஃப்ரெஞ்ச் லிங்க் சின்னது, விளிம்பு உருண்டையா, நாக்கு மேல தட்டையாப் படுக்கும். பிரிஸ்டல்ல நடுத்தகடு நீளம், சாய்வா நிக்கும், விளிம்புதான் நாக்குல அழுந்தும்.

யாழினி, 7:50
அப்போ த்ரீ ரிங் வேண்டாமா? ஜம்பிங் பண்ற எல்லாரும் அதைத்தான் போடறாங்க.

கதிர், 8:02
வேலை தெரிஞ்சு போட்டா நல்ல பிட்தான். பெரிய வளையம் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சிலதுல ரெண்டு. ரெயின் பெரிய வளையத்துல இருந்தா ஏறக்குறைய ஸ்னாஃபிள். கீழ இறங்க இறங்க நெம்பு கூடும். கர்ப் செயின் (தாடைக்குக் கீழ பிடிக்கிற சங்கிலி) கிடையாது, அதனால நிறுத்த ஒண்ணும் இல்லாம பிட் சுழண்டு கடைவாயை மேல இழுக்கும், அதே நேரம் காதுக்குப் பின்னாடி தலைப்பட்டை கீழ அழுத்தும். மேலயும் கீழயும் ஒரே சமயம். குழம்பிப்போய் சில குதிரை முதுகைக் குழிச்சு தலையைத் தூக்கிடும், தாண்டும்போது பின்னங்கால் தட்டும்.
கடைசி வளையத்துல ஒரே ரெயினோட விட்டா ஒவ்வொரு சின்னத் தொடுகையும் நெம்பாத்தான் போகும், விடுதலையே கிடையாது. அதான் முதல் ரெயின் பெரிய வளையத்துல, ரெண்டாவது கீழ. சாதாரண நேரம் மேல் ரெயின்ல பேசு, தேவைப்பட்ட நொடி மட்டும் கீழ் ரெயின். உன் குதிரைக்குப் புண் இருக்கும்போது இதைப் போட்டா அந்த இடத்தையே இழுக்கும்.

ரவி மாமா, 8:10
நெம்புக் கணக்கு எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. பெல்ஹாம்ல (கர்ப் செயின் உள்ள நெம்பு பிட்) பக்கக் கம்பி வாய்க்கம்பிக்கு மேல 4 செ.மீ., கீழ 8 செ.மீ.ன்னு வச்சுப்போம். கீழ் ரெயின்ல 1 கிலோ இழுத்தா செயினும் தலைப்பட்டையும் சேர்ந்து 2 கிலோ தாங்கும், வாய்ல 3 கிலோ விழும். ஸ்னாஃபிள்ல 1 கிலோ இழுத்தா 1 கிலோதான். கையில வித்தியாசமே தெரியாது, வாய்க்குத்தான் தெரியும்.
செயினை வலது பக்கமாத் திருகி எல்லாக் கண்ணியும் தட்டையாப் படுத்த அப்புறம் மாட்டு. கீழ்க் கம்பி வாய்க்கோட்டுல இருந்து 45 டிகிரி சாயும்போது தாடைக் குழியில செயின் பிடிக்கணும். முன்னாடியே பிடிச்சா எப்பவும் இறுக்கம். ரொம்பத் தாமதமாப் பிடிச்சா பிட் வாய்க்குள்ள புரண்டுடும்.

பெரியப்பா, 8:25
குதிரை வண்டி ஓட்டுறவங்களுக்கு லிவர்பூல் பிட் இதே கணக்குதான். ரெயினை வளையத்துல பூட்டினா ப்ளெய்ன் சீக், நெம்பு இல்லை. வளையத்துக்குள்ளயே கீழ்க் கம்பியைச் சுத்திப் பூட்டினா ரஃப் சீக், கொஞ்சம் நெம்பு. அப்புறம் நடுத் துளை, கீழ்த் துளை. ஜோடி பூட்டும்போது ரெண்டு குதிரைக்கும் வேற வேற துளை வைக்கலாம், வெளிய இருந்து பார்த்தா ஒரே மாதிரி தெரியும். அதுக்காகவே அந்த பிட் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

யாழினி, 8:28
வேற துறைகளையும் சொல்லுங்க. நிலா ட்ரெஸ்ஸாஜ் (தடை இல்லாம, வகுத்த அசைவுகள்ல குதிரையை ஓட்டிக் காட்டுற போட்டி) ஆரம்பிக்கப் போறா.

ரவி மாமா, 8:40
நிலாவுக்கு இப்போதைக்கு ஸ்னாஃபிள் மட்டும். குதிரை கையை நம்பி முன்னாடி வந்து பிடிக்கணும், அது வர்ற வரைக்கும் டபுள் பிரைடில் பேச்சே வேண்டாம். டபுள்ல கர்ப் (நெம்பு பிட்), பிரிடூன் (மெல்லிசான ஸ்னாஃபிள்)னு ரெண்டு பிட் ஒரே வாய்க்குள்ள போகுது. எஃப்.இ.ஐ. (உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதியில கர்ப் பிட்டோட கீழ்க் கம்பி 10 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, வாய்க்கம்பி குறைஞ்சது 12 மி.மீ., கூட வர்ற பிரிடூன் குறைஞ்சது 10. பிரிடூனை கர்பை விட அரை செ.மீ. அகலமா எடுத்து, மேல வை. கர்ப் கீழ தொங்கணும், ரெண்டும் உரசக் கூடாது.
போட்டிக்கு முன்னாடி அந்தந்த வருஷ விதிப் புத்தகத்துல பிட் படங்களைப் பார்த்துடு. ஜம்பிங்குல செல்லுற பிட் ட்ரெஸ்ஸாஜ்ல வெளியேத்திடும்.

கதிர், 8:52
போலோவுல காக் ஸ்னாஃபிள் (கடைவாயை மேல இழுக்கிற பிட்), பெல்ஹாம், டபுள் மூணும் ஓடும். ஒரு கையில ரெயின், முழு வேகத்துல நிறுத்தி அப்படியே திரும்பணும். அதனால அங்க ரெயின் நீளம் ரெண்டு பக்கமும் ஒரே சீரா இருக்கணும். அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் தலை கோணிப்போகும்.
வெஸ்டர்ன்ல (அமெரிக்க மாடு மேய்க்கிறவங்க பாணி) இளங்குதிரை ஸ்னாஃபிள் இல்லேன்னா போசல்ல (பிட் இல்லாத மூக்கு வளையம்) ரெண்டு கையால ஆரம்பிக்கும், பக்குவப்பட்ட பிறகு கர்ப், ஒரு கை. அமெரிக்க குவார்ட்டர் ஹார்ஸ் சங்க விதியில ஷாங்க் (பக்கக் கம்பி) எட்டரை அங்குலம், போர்ட் (வாய்க்கம்பி நடுவுல மேல வளைஞ்ச பகுதி) மூன்றரை அங்குலத்துக்கு மேல கூடாது. தளர்ந்த ரெயின்ல கழுத்துல வார் பட்டே திரும்பணும், ரெயின் இறுகினாலே தப்பு. ரேஸ்ல பெரும்பாலும் டி ரிங், பக்கவாட்டுத் தகடு கன்னத்தைத் தள்ளித் திருப்ப உதவும்.

யாழினி, 9:01
புண் ஆறுற வரைக்கும் ஹாக்கமோர் (வாயில பிட் இல்லாத கடிவாளம்) போட்டு ஓட்டலாமா?

சுகுணா அத்தை, 9:09
சைட்புல் போடு, ரெயின் மூக்குப் பட்டையோட பக்கத்துலயே இருக்கும், நெம்பு இல்லாதது. நெம்புக் கம்பி உள்ள மெக்கானிக்கல் ஹாக்கமோர்ல வாய் தப்பிச்சாலும் மூக்கும் தாடைக் குழியும் மாட்டிக்கும். அதை வச்சாலும் மூக்கெலும்பு மேலதான் உட்காரணும். கீழ இறங்கி மெத்துன்னு இருக்கிற பகுதிக்கு வந்தா மூச்சை அடைக்கும். தடை வேண்டாம், நடையும் ட்ராட்டும் (மெல்லோட்டம்) போதும்.

ரவி மாமா, 9:15
புது பிட் மாட்டும்போது உதட்டுல சுருக்கத்தை மட்டும் எண்ணாதே. உதடு நீளம் குதிரைக்குக் குதிரை மாறும். லாசெஞ்ச் பிட் கடைவாய்ல லேசா ஒரு மடிப்போட நின்னா சரி, ரெண்டு மூணு மடிப்பு விழுந்தா இழுத்துப் பிடிக்குது. கன்னப் பட்டை ரெண்டு பக்கமும் ஒரே துளையில இருக்கணும். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், பக்கவாட்டுல வச்சு அளக்காதே.

யாழினி, 9:18
சரி மாமா. பழைய பிட்டை இப்பவே கழட்டி எடுத்து வச்சுட்டேன். துளையில விரல் வச்சுப் பார்த்தேன், இடது பக்கம் நிஜமாவே நகம் மாட்டுது.

சுகுணா அத்தை, 9:20
அதை யாருக்கும் கொடுத்துடாதே. பழைய இரும்புல போடு.